ஓனர் காசு வேறு, கிளப் காசு வேறு: காற்பந்துக் கணக்கைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு

சனிக்கிழமை இரவு பத்து மணி தாண்டினால் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாமாக் சாப்பாட்டுக் கடையில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்தில் பிற்பகல் ஆட்டம், நமக்கு ராத்திரி ஆட்டம். முன்பெல்லாம் மேசையில் கோல், பெனால்டி, ரெஃப்ரி என்றுதான் பேச்சு ஓடும். இப்போது பாதிப் பேச்சு கணக்கு. எவர்ட்டனுக்குப் புள்ளி வெட்டினார்கள், செல்சி ஓட்டலை விற்றது, நியூகாசல் கையில் காசிருந்தும் ஆள் வாங்க முடியவில்லை. புதிதாகப் பந்து பார்க்க வந்த பிள்ளைகள் முழிக்கிறார்கள்.

என் அக்கா மகன் ஒருநாள் கேட்டான்: "மாமா, ஓனர்கிட்ட காசு கொட்டிக் கிடக்கு. அவர் காசை அவர் செலவு பண்றாரு. லீக்குக்கு என்ன வந்துச்சு?"

நான் தோட்ட ஆபீசில் முப்பது வருஷம் கிராணியாக, அதாவது கணக்கு எழுதுபவனாக, இருந்தவன். ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதிய கை. கிளப்கள் சம்பாத்தியத்துக்கு மேல் செலவு செய்வதைக் கட்டுப்படுத்தும் விதிகளைப் பற்றி அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கணக்கியல் படித்திருக்க வேண்டாம். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 நோட்டைப் பார்த்து இந்த மாதம் எவ்வளவு பாக்கி என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

முதலில், இந்த விதி ஏன் வந்தது

எங்கள் தோட்டத்து அணிக்கு ஒரு வருஷம் யோகம் அடித்தது. தோட்டத்தில் வேலை எடுத்திருந்த காண்ட்ராக்டர் ஒருவருக்குப் பந்துப் பைத்தியம். ஈப்போவிலிருந்து ஐந்து ஆட்டக்காரர்களைக் கூட்டி வந்தார். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று ரொக்கம். புது ஜெர்சி, புது பூட்ஸ், ஆட்டம் முடிந்தால் பிரியாணி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துத் திடலில் பழகிய எங்கள் பையன்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். கிண்ணம் வந்தது, உண்மைதான். அடுத்த வருஷம் அவருடைய காண்ட்ராக்ட் முடிந்தது, ஆளும் போய்விட்டார். ஜெர்சிக் கடைப் பாக்கி மட்டும் அணியின் பெயரில் நின்றது. கூப்பன் விற்று அடைத்தோம். பெஞ்சில் உட்கார்ந்த பையன்கள் அதற்குள் வேறு அணிக்குப் போயிருந்தார்கள். இரண்டு வருஷம் தோட்டத்துக்கு அணியே இல்லை.

அக்கா மகன் கேள்விக்குப் பதில் இந்தக் கதைதான். செலவு செய்தவர் போய்விடலாம். கடன் அணியின் பெயரில்தான் நிற்கும்.

இதையே பெரிய அளவில் செய்தவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட் 2001இல் ஐரோப்பியக் கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி வரை போனது. அடுத்த வருஷமும் அந்தப் போட்டியில் இருப்போம், அந்த வருமானம் வரும் என்று நம்பிக் கடன் வாங்கியிருந்தார்கள். இடம் கிடைக்கவில்லை. 2004இல் இங்கிலாந்தின் முதல் தட்டான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கி, 2007இல் மூன்றாம் தட்டுக்கே போனது. போர்ட்ஸ்மத் 2008இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்றது; 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்துக்குள் போனது, 9 புள்ளி போயிற்று. அந்தக் கிளப்பின் கடன்காரர் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. நம் பள்ளிப் பிள்ளைகள் சீருடை போட்டுப் போகிறார்களே, அதே அமைப்பு. திடலோரம் நின்று முதலுதவி செய்தவர்களுக்கும் பாக்கி வைத்திருந்தார்கள்.

இந்த மாதிரி வீழ்ச்சிகளைப் பார்த்துத்தான் ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூஃபா, மிஷேல் பிளாட்டினி தலைவராக இருந்தபோது, 2010இல் நிதி நேர்மை விதிகளைக் கொண்டுவந்தது. ஆங்கிலச் செய்தியில் எஃப்.எஃப்.பி. என்று வருவது இதுதான். பிரீமியர் லீக் 2013இல் தனக்கென்று ஒன்றை எழுதிக்கொண்டது. லாபம், நிலைத்தன்மை விதிகள் என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் பி.எஸ்.ஆர். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரே கிளப் இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஒன்றில் தப்பி, இன்னொன்றில் மாட்டலாம்.

முதல் படி: யார் காசு என்று பிரியுங்கள்

செய்தியில் ஒரு தொகையைப் பார்த்தவுடன் கேட்க வேண்டியது, அது கிளப் சம்பாதித்ததா, ஓனர் போட்டதா என்பதுதான். டிக்கெட், தொலைக்காட்சி உரிமம், ஜெர்சி விளம்பரம், பரிசுத் தொகை, ஆட்டக்காரரை விற்ற லாபம் எல்லாம் சம்பாத்தியம். ஓனர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது சம்பாத்தியம் இல்லை. அது நஷ்டத்தை அடைக்கும், ஆனால் வருமானமாக ஏறாது. எவ்வளவு நஷ்டத்தை அப்படி அடைக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. நியூகாசலின் பெரும்பங்கு 2021 அக்டோபரிலிருந்து சவூதி அரசின் முதலீட்டு நிதியிடம் இருக்கிறது. உலகத்தின் பெரிய பணப்பைகளில் ஒன்று அது. இருந்தும் விரும்பிய ஆளையெல்லாம் அவர்களால் வாங்க முடியாததற்கு இதுதான் காரணம்.

"அப்போ ஓனரோட இன்னொரு கம்பெனி விளம்பரம் கொடுக்கிற மாதிரி கொடுத்தா?" என்றான் மருமகன். பையன் கெட்டிக்காரன். அந்த ஓட்டை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கப்பட்டது. அதனால்தான் நியாய விலைச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. ஓனருக்குச் சம்பந்தப்பட்ட கம்பெனி கொடுக்கும் விளம்பரக் காசு, சந்தையில் வேறு யாரும் கொடுக்கக்கூடிய அளவுதானா என்று பார்ப்பார்கள். கத்தார்க்காரர்களுக்குச் சொந்தமான பாரிஸ் கிளப்புக்குக் கத்தார் சுற்றுலாத் துறை கொடுத்த ஒப்பந்தத்தை 2014இல் யூஃபா குறைத்துத்தான் மதிப்பிட்டது.

மான்செஸ்டர் சிட்டி பற்றியும் கேட்பீர்கள். இதே மாதிரி விளம்பரக் காசு விவகாரத்தில் 2020 பிப்ரவரியில் யூஃபா, ஐரோப்பியப் போட்டிகளில் ஆட இரண்டு வருஷம் தடை போட்டது. அதே ஆண்டு ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை நீக்கி, 30 மில்லியன் யூரோ அபராதத்தை 10 மில்லியனாகக் குறைத்தது. பிரீமியர் லீக் 2023 பிப்ரவரியில் சாட்டிய நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் வேறு வழக்கு. கிளப் எல்லாவற்றையும் மறுக்கிறது. "115" என்று மேசையில் யாராவது கத்தினால் அது இதுதான். குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அது எல்லாருக்கும் மறந்துவிடுகிறது.

இரண்டாம் படி: வாங்கிய விலையை ஆண்டுக்குப் பங்கிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

தோட்டத்தில் பழைய மரத்தைத் தள்ளிவிட்டுச் செம்பனை மறுநடவு செய்கிறோம். நிலம் திருத்த, கன்று வாங்க, உரம் போட ஏகப்பட்ட செலவு. அதை அந்த ஒரு வருஷக் கணக்கில் முழுசாக எழுதினால் தோட்டமே திவால் போலத் தெரியும். மரம் இருபது வருஷத்துக்கு மேல் காய்க்கப் போகிறது. அதனால் செலவை மரம் காய்க்கும் வருஷங்களுக்குப் பிரித்து எழுதுவோம். ஆட்டக்காரரும் அப்படித்தான். கொடுத்த விலையை ஒப்பந்த வருஷங்களால் வகுத்து, வருஷத்துக்கு ஒரு பங்காக எழுதுவார்கள். 50 மில்லியனுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம் என்றால் வருஷத்துக்கு 10 மில்லியன். சம்பளம் தனி.

காசு எப்போது கைமாறுகிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மொத்தமாகக் கொடுத்தாலும், தவணையில் கொடுத்தாலும், நோட்டில் ஏறுவது வருஷத்துக்கு 10தான்.

இது புரிந்தால் செல்சி செய்ததும் புரியும். 2023 ஜனவரி கடைசி நாளில் என்ஸோ ஃபெர்னாண்டஸை ஏறக்குறைய 107 மில்லியன் பவுண்டுக்கு வாங்கி, எட்டரை வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்து வருஷமாக இருந்தால் ஆண்டுப் பங்கு 21 மில்லியனைத் தாண்டியிருக்கும். எட்டரை வருஷத்துக்குப் பிரித்ததால் சுமார் பன்னிரண்டரை மில்லியன்தான். இதே மாதிரி நிறைய பேரை வாங்கினார்கள். சட்டத்தில் அப்போது தடை இல்லை. யூஃபா அந்தக் கோடையிலேயே விழித்துக்கொண்டு, ஒப்பந்தம் எத்தனை வருஷமானாலும் ஐந்துக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. பிரீமியர் லீக் டிசம்பரில் அதையே செய்தது. ஆனால் பழைய ஒப்பந்தங்களைத் தொடவில்லை.

நீண்ட ஒப்பந்தத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆள் சரியாக ஆடாவிட்டால் யாரும் வாங்க வர மாட்டார்கள், அவரும் நல்ல சம்பளத்தை விட்டுப் போக மாட்டார். காய்க்காத மரம் நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

மூன்றாம் படி: விற்ற லாபத்தைச் சரியாகப் பாருங்கள்

மேலே சொன்ன அந்த 50 மில்லியன் ஆட்டக்காரர் மூன்று வருஷம் ஆடிவிட்டார். 30 மில்லியன் ஏற்கெனவே செலவாக எழுதியாயிற்று. நோட்டில் மீதி 20. இப்போது அவரை 30 மில்லியனுக்கு விற்றால் மேசையில் எல்லாரும் "20 மில்லியன் நஷ்டம்" என்பார்கள். கணக்கில் 10 மில்லியன் லாபம். பங்கிட்டு எழுதியது செலவு, மொத்தமாக எழுதுவது லாபம். வாங்கும்போது வருஷா வருஷம் கொஞ்சம், விற்கும்போது லாபம் முழுவதும் அந்த வருஷமே. கிளப்கள் வாங்குவதும் விற்பதுமாக ஓயாமல் இருப்பது இந்த வித்தியாசத்தால்தான்.

இதிலேயே இன்னொரு விஷயம் எனக்குப் பிடிக்காதது. கிளப்பின் சொந்த இளையோர் பயிற்சி அகாடமியில் வளர்ந்த பையனுக்கு வாங்கிய விலை கிடையாது. நோட்டில் அவன் மதிப்பு சைபர். எனவே எவ்வளவுக்கு விற்றாலும் அவ்வளவும் லாபம். 2023இல் மேசன் மவுன்ட் செல்சியிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு 55 மில்லியன் பவுண்டுக்குப் போனபோது ஏறக்குறைய முழுத்தொகையும் லாபமாக ஏறியது. 2024 ஜூன் கடைசியில் நியூகாசல், தன் ஊர்ப் பகுதியில் பிறந்து தன் அகாடமியில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு விற்றது. மனம் வந்து விற்கவில்லை, கணக்குக்காக விற்றார்கள். கிளப்பைக் காப்பாற்ற எழுதிய விதி, சொந்தப் பிள்ளையை முதலில் விற்கச் சொல்கிறது. எங்கள் தோட்டத்தில் பையன்களைப் பெஞ்சில் வைத்தது வெளியாள் காசு. இங்கே விதியே அந்த வேலையைச் செய்கிறது.

ஆட்டக்காரர் மட்டுமல்ல, வேறு சொத்தையும் விற்றுக் கணக்கை நிமிர்த்தலாம். செல்சி தன் இரண்டு ஓட்டல்களைத் தன் முதலாளியின் இன்னொரு கம்பெனிக்கே 76.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. பிரீமியர் லீக் அதை ஏற்றது. யூஃபா அப்படிப்பட்ட விற்பனையை வருமானமாக ஏற்பதில்லை. 2025 ஜூலையில் விதிமீறலுக்காகச் செல்சிக்கு 31 மில்லியன் யூரோ அபராதம் போட்டது, இன்னும் கூடலாம் என்ற நிபந்தனையோடு. முன்பே சொன்னேன், இரண்டு நோட்டு என்று.

நான்காம் படி: எந்த நோட்டு, எவ்வளவு வரம்பு

2025-26 பருவம் வரையிலான பிரீமியர் லீக்கின் பி.எஸ்.ஆர். கணக்கில் மூன்று வருஷம் சேர்த்து 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். அதாவது வருஷத்துக்கு 35. அதற்கும் ஓனர், கடனாக இல்லாமல், பங்கு முதலாகக் காசு போட்டு அடைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று வருஷத்துக்கும் சேர்த்து 15தான். இரண்டாம் தட்டில் இருந்த வருஷத்துக்கு 35க்குப் பதில் 13. இளையோர் அகாடமி, பெண்கள் அணி, ஸ்டேடியம், சமூகப் பணி ஆகியவற்றின் செலவைக் கழித்துவிட்டுத்தான் நஷ்டத்தைப் பார்ப்பார்கள். ஆகவே பத்திரிகையில் "கிளப்புக்கு 130 மில்லியன் நஷ்டம்" என்று வந்தவுடன் மாட்டிக்கொண்டார்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

யூஃபா 2022இல் தன் விதியைப் புதுப்பித்தது. இப்போது முக்கியமானது அணிச் செலவு விகிதம். ஆட்டக்காரர், பயிற்சியாளர் சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு, ஏஜென்ட் கூலி எல்லாம் சேர்த்து, வருமானத்தில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முதலில் 90, பிறகு 80, 2025 முதல் 70. நூறு வெள்ளி வந்தால் எழுபதுக்கு மேல் அணிக்குப் போகக் கூடாது. வீட்டுக் கணக்கு மாதிரி எளிது. பிரீமியர் லீக் கிளப்களும் 2025 நவம்பரில் வாக்களித்து, 2026-27 பருவத்திலிருந்து 85 சதவீதம் என்ற இதே வகை விதிக்கு மாற முடிவெடுத்தன.

ஸ்பெயினில் வழக்கம் வேறு. அங்கே லா லீகா பருவம் தொடங்கும் முன்பே உங்கள் வரம்பு இவ்வளவு என்று சொல்லிவிடும். வரம்பில் இடமில்லாவிட்டால் ஆட்டக்காரரைப் பதிவே செய்ய முடியாது. 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி அழுதுகொண்டே பார்சிலோனாவை விட்டுப் போனது இதனால்தான். பி.எஸ்.ஆரில் செலவு செய்த பிறகு கேட்பார்கள். ஸ்பெயினில் செய்யும் முன்பே. கேட்டால் ஸ்பெயின் வழக்கம்தான் சரி என்பேன். 555 நோட்டுக்காரரும் பழைய பாக்கியைப் பார்த்துவிட்டுத்தான் அரிசி நிறுப்பார்.

ஐந்தாம் படி: ஜூன் 30ஐ வட்டமிடுங்கள்

பெரும்பாலான இங்கிலாந்துக் கிளப்களின் கணக்காண்டு அன்றோடு முடிகிறது. ஜூன் கடைசி வாரத்தில் பேர் தெரியாத இளம் ஆட்டக்காரர்கள் திடீரென்று பெரிய விலைக்குக் கைமாறினால் காரணம் தேடி அலைய வேண்டாம்.

தேதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு நாட்டிங்காம் ஃபாரஸ்ட் சாட்சி. இதை ஒரு பயிற்சிக் கணக்காகவே போடலாம், ஒரு தாளை எடுங்கள். 2023 ஜூன் வரை மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் அவர்கள் இரண்டாம் தட்டில் இருந்தார்கள். 13, 13, 35. மொத்தம் 61 மில்லியன் பவுண்டு வரம்பு. மீறியது 34.5 மில்லியன். அகாடமிப் பையன் பிரெனன் ஜான்சனை டாட்டனமுக்கு 47.5 மில்லியனுக்கு விற்றார்கள், செப்டம்பர் 1ஆம் தேதி. ஜூன் 30க்குள் விற்றிருந்தால் அந்தத் தொகை மீறலை மூடியிருக்கும். பொறுத்திருந்ததால் நல்ல விலை கிடைத்தது, அதைக் கணக்கில் எடுங்கள் என்று வாதாடினார்கள். விசாரணைக் குழு ஏற்கவில்லை. 2024 மார்ச்சில் 4 புள்ளி போயிற்று.

எவர்ட்டன் கதை இன்னும் நீளம். மூன்று வருஷ நஷ்டம் 124.5 மில்லியன், வரம்பைவிட 19.5 அதிகம். 2023 நவம்பரில் 10 புள்ளி வெட்டினார்கள். மேல்முறையீட்டில் அது 6 ஆனது. அடுத்த கணக்குக்காக ஏப்ரலில் இன்னும் 2. ரசிகர்களுக்கு அந்தப் பருவம் முழுக்கப் புள்ளிப் பட்டியலை நம்ப முடியவில்லை. இன்றைக்கு இருக்கிற இடம் நாளைக்கு இருக்குமா என்று வக்கீலைக் கேட்க வேண்டிய நிலை. இரண்டு கிளப்புமே அந்த ஆண்டு இறங்காமல் தப்பின.

புள்ளி வெட்டு, அபராதம், ஐரோப்பியப் போட்டித் தடை, புது ஆள் பதிவுக்குத் தடை, இவைதான் முக்கியமான தண்டனைகள். பணக்காரக் கிளப்புக்கு அபராதம் பார்க்கிங் சம்மன் மாதிரி. புள்ளி வெட்டுக்குத்தான் பயம்.

நம் ஊர்க் கணக்கு

இவ்வளவும் சொல்லி முடித்தபோது கடை அடைக்கும் நேரம். மருமகன் எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். "அதெல்லாம் சரி மாமா. நம்ம பேராவுக்கு என்ன கணக்கு?"

எங்கள் மாநிலமான பேராவின் அணி 2018இல் மலேசியக் கிண்ணம் வென்றது. நம் நாட்டு முதல் தட்டான 2025-26 சூப்பர் லீக்கில் பேரா எஃப்.சி. இல்லை, பணப் பிரச்சினையோடு விலகிக்கொண்டது. அதே பருவத்துக்குக் கெடா டாருல் அமானுக்கு உரிமம் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் மேலே சொன்ன படிகளில் வைத்துப் பார்க்காதீர்கள், பொருந்தாது. நம் நாட்டில் பல வருஷமாக ஓடும் பிரச்சினை சம்பளப் பாக்கி. மாநிலச் சங்கங்களின் கையிலிருந்த அணிகள் தனியார் கிளப்களாக மாறின. மாநில அரசு காசு குறைந்தால், ஒரு விளம்பரதாரர் விலகினால், அணிக்குச் சொந்தச் சம்பாத்தியம் என்று அதிகம் மிஞ்சுவதில்லை. ஜொகூர் அணி மட்டும் 2014லிருந்து சூப்பர் லீக் பட்டத்தை யாருக்கும் விடாமல் வேறு உலகத்தில் இருக்கிறது.

அதனால் மலேசிய லீக்கைப் பார்க்கத் தொடங்குபவர் நஷ்ட வரம்பு, ஆண்டுப் பங்கு எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு மூன்றே கேள்வி கேட்கலாம். ஆட்டக்காரருக்குப் போன மாதச் சம்பளம் வந்ததா? ஈபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) கட்டினார்களா? அடுத்த பருவத்துக்கு உரிமம் கிடைத்ததா? ஆட்ட அட்டவணை வெளிவரும் முன் உரிமப் பட்டியல் வரும். அதைத்தான் நான் முதலில் தேடுவேன்.

"பேரா பேரு அதுல வந்தா?" என்றான்.

"ஈப்போவுக்கு டிக்கெட் நான் எடுக்கிறேன்" என்றேன். கல்லாவில் இருந்த தம்பி பில்லை நீட்டினார். பையில் பார்த்தால் ஐந்து வெள்ளி குறைந்தது. மருமகன்தான் கொடுத்தான்; போனில் ஏதோ தட்டினான், என் பாக்கியை எழுதிவைத்துக்கொண்டானாம்.